நூலகத்தில் ஓர் இலந்தைக் கொட்டை

அத்தியாயம் 5

துப்பறிகிறவனுக்கு மூளை, கண், கால் மூன்றும் ஒழுங்காக இருக்க வேண்டும். அன்று காலை எனக்குக் கால்கள் மட்டும்தான் இருந்தன. அதிலும் ஒன்று சுளுக்கியிருந்தது.

ஹரிண்டாங்கா பல்கலைக்கழகத் தலைமை வளாக நூலகத்தின் மூன்றாவது மாடி. அரிய நூல் அறையின் தரையில், தலையில் மங்கி கேப்போடு, நான் முழங்காலில் ஊர்ந்துகொண்டிருந்தேன்.

"ஹிரு, பேண்ட் பின்னால தையல் விட்டிருக்கு," என்றார் ஷேஃபாலிதி. "தடயத்தைத் தேடிக்கிட்டே தடயத்தையும் காட்டிக்கிட்டுப் போற."

ஷேஃபாலிதி என் உதவியாளர். 'தி' என்பது அக்காவுக்கு நாங்கள் பெயரோடு ஒட்டுகிற வால். இருபது வருடம் நாடகக் கம்பெனியில் திரைக்குப் பின்னால் நின்று நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவர். அதனால் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் சொல்லப்போவது அவருக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது தப்பு என்பதும் தெரிந்துவிடும்.

என் பெயர் ஹிரண்மய் ஸான்யால். விசிட்டிங் கார்டில் 'தனியார் துப்பறிவாளர்' என்று போட்டிருக்கிறது. இதுவரை கண்டுபிடித்தவை இரண்டு பூனைகள், ஒரு சைக்கிள், ஓடிப்போன ஒரு மாப்பிள்ளை. மாப்பிள்ளை தானாகவே திரும்பி வந்துவிட்டார். என்றாலும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

"ஒண்ணும் கிடைக்கலையா, ஹிரு?" என்றாள் கதவருகே நின்ற சுதேஷ்ணா.

அவள் கையில் கைக்குட்டை பிழிந்த துணியாகச் சுருண்டிருந்தது. சுதேஷ்ணா பாருயீ, உதவி நூலகர். இதே பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்தவள். நான் துப்பறியப் போனேன், அவள் உருப்பட்டாள். ராய்சௌத்ரி குடும்பம் கொடுத்த பதினோராயிரம் புத்தகங்களையும் ஒவ்வொன்றாகத் தூசி தட்டி, அட்டை எழுதி, அடுக்கியது அவள்தான். அதற்குப் பத்தொன்பது வருடம் ஆனது. அந்த அறைக்கு ஒரே சாவி. அது அவளிடம்.

எட்டு நாளைக்கு முன் அந்த அறையிலிருந்து ஒரு கையெழுத்து ஏடு காணாமல் போயிருந்தது. அந்த ஜமீன்தார் குடும்பத்து விதவை நிஸ்தாரிணி தேவி, நூற்றுப் பன்னிரண்டு வகை ஊறுகாய்களைத் தன் கைப்பட எழுதி வைத்த சிவப்புத் துணி அட்டை நோட்டு. உலகத்தில் அந்த ஒரு பிரதிதான் உண்டு. இன்று மாலை நான்கு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. அதற்குள் ஏடு கிடைக்காவிட்டால் சுதேஷ்ணா மேல் திருட்டுப் புகார், சஸ்பென்ஷன். பதிவாளர் மொண்டல் உத்தரவை டைப் அடித்தே வைத்துவிட்டார். நாளை சரஸ்வதி பூஜை; வங்காளத்தில் அது குளிர்காலத்தில் வரும். நாளைக்கு யாரும் பேனாவைத் தொட மாட்டார்கள் என்பதால் அவருக்கு இன்றே கையெழுத்துப் போட்டாக வேண்டிய அவசரம்.

"அன்னிக்கு நடந்ததை மறுபடி சொல்லு," என்றேன் மேசைக்கு அடியிலிருந்து.

"ரெண்டே பேர் படிச்சிட்டிருந்தாங்க. கிங்ஷுக்கும், ஊறுகாய் ஆராய்ச்சிக்குத் தமிழ்நாட்டிலேருந்து வந்திருக்கிற முத்துவடிவு மேடமும். கீழே பூஜைக்குச் சிலை வந்திருக்கு, எங்கே வைக்கிறதுன்னு சொல்லணும்னு கூப்பிட்டாங்க. போயிட்டுப் பத்து நிமிஷத்துல வந்துட்டேன். சாயங்காலம் அடுக்கும்போது பார்த்தா ஏடு இல்ல. அன்னிக்கே பதிவாளர் ரூமுக்கு சீல் வச்சுட்டார். உன்னை உள்ள விடத்தான் இன்னிக்குத் திறந்தாங்க."

"வாசல்ல?"

"வாட்ச்மேன் ராம்பிலாஸ் டிஃபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்த்துத்தான் வெளிய விடுவான். அவனைத் தாண்டி ஒரு துண்டுக் காகிதம் போகாது."

"அப்போ ரெண்டு பேர்ல ஒருத்தர்."

"கிங்ஷுக்கா? போன வாரம்தான் அவனுக்கு வைவா வச்சிருந்தாங்க. பதினோரு வருஷ ஆராய்ச்சி. வெளியூர் பரீட்சகர் மூல ஏட்டைக் கண்ணால பார்த்தாத்தான் பட்டம்னு எழுதியிருந்தார். ஏடு காணாமப் போனதும் வைவா நின்னுபோச்சு. பாவம், அவனுக்குத்தான் பெரிய நஷ்டம். அந்தம்மா விருந்தாளி. மிச்சம் யாரு? சாவிக்காரி." அவள் குரல் உடைந்தது. "பத்தொன்பது வருஷம், ஹிரு. ஒரு அட்டைகூட நான் இடம் மாத்தி வச்சதில்ல."

அவள் முகத்தைப் பார்க்காமல் இன்னும் கொஞ்சம் உள்ளே ஊர்ந்தேன். அப்போதுதான் மேசைக்காலுக்கும் சுவருக்கும் நடுவில் அது விரலில் தட்டுப்பட்டது. தலையைத் தூக்கினேன். மேசை இடித்தது. மங்கி கேப் முதல்முறையாக உபயோகப்பட்டது.

"கிடைச்சிடுச்சு!"

"மூளையா?" என்றார் ஷேஃபாலிதி.

உள்ளங்கையை விரித்தேன். ஒரு இலந்தைக் கொட்டை. சுத்தமாகச் சப்பிப் போட்டது. ஓரத்தில் மிளகாய் உப்பு ஒட்டியிருந்தது.

சுதேஷ்ணாவின் கண் விரிந்தது. "பூஜைக்கு முன்னாலயா?"

அதுதான் விஷயம். சரஸ்வதிக்குப் படைக்காமல் இலந்தைப்பழம் தின்றால் பரீட்சையில் கோட் அடிப்பது நிச்சயம் என்பது எங்கள் ஊரில் நான்கு வயதுக் குழந்தைக்கும் தெரியும். எட்டாம் வகுப்பில் நான் ஒன்றே ஒன்று தின்றேன். கணக்கில் பதினேழு மார்க். மற்ற வருடங்களில் தின்னாமலே பதினெட்டு, பத்தொன்பது வாங்கினேன் என்பது வேறு கதை.

நான் எழுந்து நின்று, தூசியைத் தட்டி, குரலைக் கனமாக்கிக்கொண்டேன்.

"எட்டு நாளா ரூம் சீல்ல இருக்கு. ஆக, இது அன்னிக்குத் தின்ன பழம். இருந்தவங்க ரெண்டு பேர். கிங்ஷுக்குக்கு வைவா, அதுவும் பரீட்சைதான். அவன் உயிரே போனாலும் தின்ன மாட்டான். அப்படின்னா தின்னது, இந்த விதி தெரியாத ஆள். வெளியூர் ஆள். ஊறுகாயைப் பத்தி ஆராய்ச்சி பண்ற ஆள்!"

"அடுத்த வசனம், 'வாங்க விருந்தினர் விடுதிக்கு'," என்றார் ஷேஃபாலிதி.

"வாங்க விருந்தினர் விடுதிக்கு," என்றேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

விடுதி வராந்தாவில் முத்துவடிவு வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மானாமதுரைக்காரர். தலையோடு சேர்த்துக் கன்னத்தில் மஃப்ளர் கட்டியிருந்தார். அவர் பேசிய வங்காளம் என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. அதனால் முதலிலேயே எனக்கு அவர் மேல் கோபம்.

நான் கொட்டையை அவர் முன் நீட்டினேன். குற்றவாளி வெலவெலத்துப்போக வேண்டிய இடம் அது.

"உட்காருங்க தம்பி, கால் நொண்டுது பாருங்க," என்றார் அவர்.

"இலந்தைப்பழம் உங்களுக்குப் பிடிக்குமா, மேடம்?"

"உசிரு. ஏன், வாங்கிட்டு வந்தீங்களா?"

"சரஸ்வதி பூஜைக்கு முன்னாடி எங்க ஊர்ல யாரும் இதைத் தின்ன மாட்டோம். தின்னா ஃபெயில்."

"அப்படியா?" அவருக்குச் சிரிப்பு வந்தது, உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "எங்க ஊர்ல பள்ளிக்கூட வாசல்லயே கூடையை வச்சு விக்கிறாங்க. உங்க கணக்குப்படி எங்க ஊரு மொத்தமும் ஃபெயில்தான்."

"ஆக, அன்னிக்கு அறையில நீங்கதான் தின்னீங்க. ஒத்துக்குங்க!"

முத்துவடிவு மஃப்ளரை அவிழ்த்தார். இடது கன்னம் பூரி மாதிரி உப்பியிருந்தது. "கடைவாய்ப் பல்லுல வேர் சிகிச்சை. பத்து நாளா மோர் சோறு. அதையும் வலப்பக்கமா முழுங்குறேன். நான் எங்கேருந்து கொட்டையைச் சப்புறது? அன்னிக்குக்கூடப் பல் டாக்டர் போன் பண்ணினார்னு வராந்தாவுக்குப் போய்ப் பேசிட்டு வந்தேன்."

நான் அசடு வழிந்தேன். குளிர்காலத்திலும் அது நன்றாக வழியும்.

"அந்தப் பையன்தான் தின்னான்," என்றார் அவர் சாதாரணமாக.

"யாரு?"

"கிங்ஷுக். மடியில காகிதப் பொட்டலம் வச்சிருந்தான். எனக்கும் ஒண்ணு நீட்டினான், பல்லைக் காட்டி வேண்டாம்னேன். அவன் தின்ன விதம்தான் வேடிக்கை. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, கஷாயம் குடிக்கிற மாதிரி ஒண்ணு ஒண்ணா. ஒவ்வொண்ணுக்கும் உடம்பு ஒரு தடவை ஆடுச்சு. நூலகத்துல தின்னக் கூடாதுன்னு பயப்படுறான்னு நினைச்சேன்."

ஷேஃபாலிதி கொட்டையை என்னிடமிருந்து வாங்கி, முதல்முறையாகக் கவனமாகப் பார்த்தார். அது எனக்குப் பயமாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் மண் கோப்பையில் டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மணி ஆகியிருந்தது. நூலகத்தின் கீழ்த்தளத்தில் மாணவர்கள் சிலைக்குப் பின்னால் மஞ்சள் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக் கோலம் பாதியில் நின்றது.

"அவனுக்கு விதி தெரியும். பயமும் இருக்கு. இருந்தும் ஏன் தின்னான்?" என்றேன். "பசியா?"

"பசிச்சா பொரி தின்னலாம், சமோசா தின்னலாம். பிடிக்காததைக் கண்ணை மூடிக்கிட்டு ஏன் தின்பாங்க, ஹிரு?"

"மருந்துக்கு."

"அவனுக்கும் மருந்துதான். தின்னா என்ன ஆகும்?"

"ஃபெயில் ஆகும்."

"அதுக்குத்தான் தின்னான்."

டீ மூக்கில் ஏறியது. பதினோரு வருடம் படித்த ஒருவன் ஃபெயிலாவதற்காக இலந்தைப்பழம் தின்கிறான் என்பதை ஏற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு கோப்பை டீ தேவைப்பட்டது. நானெல்லாம் எந்த முயற்சியும் இல்லாமல் செய்த காரியம் அது.

"பழத்தை மட்டும் நம்பினா ஆபத்துன்னு ஏட்டையும் எடுத்துட்டான்," என்றார் ஷேஃபாலிதி. "ஏடு இல்லேன்னா வைவா இல்ல. வைவா இல்லேன்னா அவன் இன்னும் மாணவன்தான். இப்போ நீ சொல்லு, துப்பறிவாளரே. வாசலைத் தாண்டல. பத்து நிமிஷத்துல ஒளிச்சிருக்கான். எங்கே?"

"மூணு லட்சம் புத்தகம் இருக்கு, ஷேஃபாலிதி!"

"யாராவது கை வைக்கிற இடத்துல ஒளிப்பானா? பதினோரு வருஷமா இங்கேயே குடியிருக்கான். எந்தப் பக்கம் ஈ காக்கா போகாதுன்னு அவனுக்குத் தெரியாதா? இந்தப் பல்கலைக்கழகத்துல ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிக்கவே படிக்காத செக்‌ஷன் எது?"

பதில் எனக்கு உடனே தெரிந்தது. தெரிந்ததில் வருத்தமும் இருந்தது. ஐந்தாவது மாடி. பட்டம் வாங்கியவர்களின் ஆய்வேடுகள்.

லிஃப்ட் நான் படித்த காலத்திலேயே பழுது. நொண்டிக்கொண்டே ஏறினோம். காவலுக்கு இருந்தவர் ஸ்வெட்டருக்குள் முழங்காலை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தார். கறுப்பு அட்டைகள் வரிசை வரிசையாக, வரிசைக்கு மேல் தூசி.

"இவ்வளவுல எதைத் தேடறது?" என்றேன்.

"நீ அவனா இருந்தா என்ன பண்ணுவ? பின்னட்டையில தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும்ல, யார் எப்போ எடுத்தாங்கன்னு? அதுல ஒரு தேதிகூட இல்லாத ஆய்வேடாப் பார்த்து அதுக்குப் பின்னால வைப்ப."

ஒவ்வொன்றாக எடுத்தோம். நெல் ரகங்கள், இரண்டு தேதி. ஆற்று மணலின் நிறம், ஒரு தேதி. கொசுவின் சிறகு, நான்கு தேதி, கொசுவுக்கே நான்கு. அரை மணி நேரம் கழித்து ஷேஃபாலிதி ஒரு தடிமனான ஆய்வேட்டை உருவினார். சீட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. அவர் முதல் பக்கத்தைப் புரட்டினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"'பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளக் குடைகள்: ஓர் அறிமுகம்'," என்று படித்தார். "நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஹிரண்மய் ஸான்யால்."

"அடுத்ததைப் பாருங்க," என்றேன்.

"அறிமுகமே நானூறு பக்கமா? அப்போ குடையோட பழகறதுக்கு எவ்வளவு?"

அது இருந்த இடத்தில் கையை விட்டார். சிவப்புத் துணி அட்டை வெளியே வந்தது. நிஸ்தாரிணி தேவியின் நூற்றுப் பன்னிரண்டு ஊறுகாய்களும் பதினெட்டு வருடமாக ஒருவரும் தொடாத என் குடைகளுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன.

துப்பறிகிறவன் வாழ்க்கையில் வெற்றி வரும்போது எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று நான் கண்ணாடி முன் பழகியிருந்தேன். அந்த முகம் அன்று வரவில்லை.

படிக்கட்டில் காலடி கேட்டது. கிங்ஷுக் மாஜி நின்றான். முப்பத்தாறு வயது, ஒல்லி, முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர். எங்கள் கையில் இருந்ததைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"தினமும் வருவேன்," என்றான். "எடுத்துத் திருப்பிக் குடுத்திடணும்னு அஞ்சு மாடி ஏறுவேன். பயமா இருக்கும். இறங்கிப் போயிடுவேன்."

"ஏன்டாப்பா?" என்றார் ஷேஃபாலிதி. அவர் குரலில் கேலி இல்லை.

"வைவா முடிஞ்சா ஹாஸ்டல் காலி பண்ணணும். ஊர்ல மாமாவோட சிமெண்ட் கடை. அங்கே போய் உட்காரணும். பதினோரு வருஷமா எனக்குத் தெரிஞ்சது இந்த ஜன்னலும் அந்த ஃபேனும் கேண்டீன் டீயும்தான். ஏடு இல்லேன்னா வைவாவை ஒரு வருஷம் தள்ளிப் போடுவாங்கன்னு நினைச்சேன். சுதேஷ்ணாதி மேல பழி விழும்னு சத்தியமா நினைக்கல."

"விழுந்தப்புறம்?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டான்.

"இத்தனை ஆய்வேடு இருக்கே, இதை எப்படிப்பா பிடிச்ச?" என்று ஷேஃபாலிதி என் குடைகளைத் தட்டிக் கேட்டார். வேண்டுமென்றேதான் கேட்டார்.

"எல்லாச் சீட்டையும் முன்னாடியே பார்த்து வச்சிருந்தேன். மத்ததுல ஒண்ணு ரெண்டு தேதியாவது இருந்துச்சு. இதுல சுத்தமா இல்ல. எழுதினவரே வந்து பார்க்கல போல. யாரு சார் அது?"

"தெரியாது," என்றேன். "மணி மூணே முக்கால். ஏட்டை நீயே எடுத்துக்கிட்டு வா."

குழு அறையில் பதிவாளர் மொண்டல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுதேஷ்ணா எதிரே, ஓரத்து நாற்காலியில், சாவியை மேசை மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு முன்னுரை தயார் செய்திருந்தேன். 'கனவான்களே' என்று தொடங்கும். அதற்குள் கிங்ஷுக் நேராகப் போய் ஏட்டை அவள் முன் வைத்தான்.

"நான்தான் எடுத்தேன்."

சுதேஷ்ணா ஏட்டைத் தொட்டாள். பக்கங்களை எண்ணிப் பார்த்தாள். அப்புறம்தான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

மொண்டல் டைப் அடித்த உத்தரவை நான்காகக் கிழித்தார். "சுதேஷ்ணா, உங்க பேர்ல இனி ஒண்ணுமில்ல. சாவியை எடுத்துக்குங்க. இந்தப் பையன் மேல புகார் எழுதிக் குடுங்க, இன்னிக்கே போலீஸுக்கு அனுப்பிடறேன். பட்டமும் கிடையாது."

அவள் ஒரு தாளை எடுத்து எழுதினாள். ஒரே வரி. மொண்டல் வாங்கிப் படித்தார்.

"'ஏடு இடம் மாறி அடுக்கப்பட்டிருந்தது. கிடைத்துவிட்டது.' என்னம்மா இது?"

"நூலகத்துல தினமும் நாப்பது புத்தகம் இப்படித்தான் சார் இடம் மாறுது. நாப்பது பேரைப் போலீஸ்ல குடுக்க முடியுமா?"

"அவனே எடுத்தேன்ங்கறான்!"

"எடுத்தான். மாத்தி வச்சான். வெளிய கொண்டுபோகல. அதுக்கு நூலகத்துல திருட்டுன்னு பேர் கிடையாது, சார்."

மொண்டல் பேனாவை மூடினார். கீழே சிலைக்கு முன்னால் யாரோ தாளம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் கிங்ஷுக் அவள் காலைத் தொடக் குனிந்தான். அவள் விலகிக்கொண்டாள். ஷேஃபாலிதி என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தார். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் நகரவில்லை.

"செவ்வாய்க்கிழமை வைவாவுக்குத் தேதி வாங்கித் தர்றேன்," என்றாள் சுதேஷ்ணா. "ஏட்டை நானே கொண்டுவந்து பரீட்சகர் முன்னால வைப்பேன். நல்லாப் பேசு. பாஸ் பண்ணு. உன் ரீடர் கார்டைக் குடு."

அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அதில் இருந்த போட்டோவில் மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை.

"மாணவர் கார்டு இனிமே கிடையாது. வெளியாள் கார்டு எழுதித் தர்றேன். படிக்கணும்னு தோணினா வா. யாரும் தடுக்க மாட்டாங்க."

"சுதேஷ்ணாதி..."

"இந்த எட்டு நாளும் மத்தியானச் சாப்பாட்டுக்கு என் பக்கத்துல ஒருத்தரும் உட்காரல, கிங்ஷுக். பேசினாத் தங்களுக்கும் வம்புன்னு எல்லாரும் வேற மேசைக்குப் போயிட்டாங்க. நீ ஒருத்தன்தான் தினமும் வந்து உட்கார்ந்த. லுச்சிப் பூரியைப் பிச்சு எனக்குப் பாதி வச்ச. 'கவலைப்படாதீங்க, கிடைச்சிடும்'னு சொன்ன. ராத்திரி வீட்டுக்குப் போய் அதை மட்டும்தான் நினைச்சுக்குவேன்."

அவன் வாயைத் திறந்தான். இருபது வருடம் எல்லோருக்கும் வசனம் எடுத்துக் கொடுத்த ஷேஃபாலிதியும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுதேஷ்ணா ஏட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படிப்பக்கம் நடந்தாள். இரண்டு படி ஏறிவிட்டு நின்றாள். திரும்பவில்லை.

"படிக்க வா," என்றாள். "சாப்பிட மட்டும் வேற மேசை பார்த்துக்கோ."